எல்லை வகுத்துக்கொண்ட ஓர் இரவு

சமண இல்லறத்தாருக்கான ஒழுக்க நூல்களில் ஒரு பட்டியல் வருகிறது. பயனில்லாமல் மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், நெருப்பு மூட்டுதல், காற்றைக் கிளப்புதல், செடிகொடிகளை வெட்டுதல், காரணமின்றித் திரிதல், பிறரையும் திரியவைத்தல் என்று அது நீளும். சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவற்றைக் குற்றமாக எண்ணுகிறது. அந்நூலை அடியொற்றிக் குறள் வெண்பாக்களால் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அதே நெறியைத்தான் சாவகர்களுக்கு, அதாவது சமண இல்லறத்தாருக்கு, சொல்கிறது. வயிற்றுப்பாட்டுக்காக உழுபவரையோ சமைக்க அடுப்பெரிப்பவரையோ இந்நூல்கள் விரட்டுவதில்லை. உயிர்வாழ்வதற்கு வேண்டிய தீங்கை இல்லறத்தார் முற்றாகத் தவிர்க்க முடியாது என்பது அவற்றுக்குத் தெரியும். தேவையே இல்லாமல், சும்மா இருக்க மாட்டாமல் உயிர்களை அலைக்கழிக்கிறோமே, அதைத்தான் அநர்த்த தண்டம் என்று பெயரிட்டு விலக்கச் சொல்கின்றன. பொழுதுபோக்கைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் அறியேன். மலையேறுவதையும் ஆற்றில் இறங்குவதையும் உடம்புக்கு நல்லது, மனதுக்கு நல்லது என்று சொல்லி எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்த நல்லது என்ன, அதற்காக எதையெல்லாம் மிதிக்கிறோம் என்று இந்நூல்கள் நம்மை நிறுத்திக் கேட்கின்றன.

இந்தக் கேள்வியை வைத்து அளந்து பார்க்க ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கிழக்கே, பொட்டோமாக் ஆற்றின் மேரிலாந்துக் கரையை ஒட்டி 184.5 மைல், ஏறக்குறைய 297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்பாதை ஓடுகிறது. செசபீக் - ஒஹையோ கால்வாயில் நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதை அது. சனிக்கிழமை பிற்பகலில் ஒருவர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் சைக்கிளில் ஏறி, ஆற்றின் போக்குக்கு எதிராக 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மிதித்து, டெய்லர்ஸ் லேண்டிங் என்ற படகுத்துறைப் பக்கம் போய்ச் சேர்கிறார். கூடாரம் அடித்து இரவைத் தனியே கழிக்கிறார். கைப்பிடியில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்த சிறு படகைக் காலையில் விரித்துக் காற்றடைக்கிறார். சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தையும் சைக்கிளையும் படகின் முன்புறத்தில் வாரால் இறுக்கிக் கட்டி, ஷெப்பர்ட்ஸ்டவுன் வரை சுமார் 13 கிலோமீட்டர் ஆற்றோடு மிதந்து வருகிறார். அங்கே கரையேறிப் படகைச் சுருட்டிக்கொண்டு மறுபடி சைக்கிளில் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறார். பேக்ராஃப்ட் எனப்படும் இந்தப் படகு மூன்று கிலோவை ஒட்டிய எடைதான் இருக்கும். அலாஸ்காவில் ஷெரி டிங்கி என்பவர் தம் மகனின் நெடும்பயணங்களுக்காக வடிவமைத்துத் தைக்கத் தொடங்கியபின் இது பரவியது. வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்காமலே 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பும் சைக்கிள் இராத்தங்கலுக்கு ஒரு பெயர் கொடுத்துப் பலரைக் கிளப்பிவிட்டவர் சைக்கிள் வடிவமைப்பாளர் கிராண்ட் பீட்டர்சன். இவ்விரண்டும் கலந்ததுதான் நான் சொல்லும் பயணம்.

பட்டியலோடு ஒப்பிட்டால் இந்தப் பயணிக்குத் தப்ப வழியே இல்லை. மண்ணில் சக்கரம், நீரில் துடுப்பு, இரவில் நெருப்பு, படகுக்குள் காற்று என்று பூதங்கள் ஒவ்வொன்றையும் தொட்டாகிவிட்டது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதால் திரிதல் என்பதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டும் கிடைக்காது. வழியில் அவர் எதையும் விற்கவில்லை, உறவினர் யாரையும் பார்க்கவில்லை. யாத்திரை என்றால் போகிற இடத்தில் ஒரு தெய்வமாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. ஆனாலும் இதை ஒரு நோன்பாகச் செய்ய முடியும் என்பது என் வாதம். செய்ய முடியும் என்கிறேனே தவிர, செய்கிற எல்லாரும் நோற்கிறார்கள் என்று சொல்லவில்லை. எப்போது அது நோன்பாகிறது, எப்போது வெறும் களியாட்டமாகவே நின்றுவிடுகிறது என்று பிரித்துக் காட்டும் அளவுகோலையும் அதே சமண நூல்களிலிருந்தே எடுக்கலாம்.

வீண்செயலை விலக்கச் சொன்ன நூல்கள் அதோடு நின்றுவிடவில்லை. இல்லறத்தாரைப் பழக்குவதற்கென நான்கு சிட்சா விரதங்களை அடுத்து வைக்கின்றன. முதலாவது தேசாவகாசிகம். வாழ்நாள் முழுக்க இன்ன திசையில் இவ்வளவு தூரத்துக்கு மேல் போவதில்லை என்று முன்பே ஏற்ற திசைவிரதத்தை, ஒரு நாளுக்கோ சில நாளுக்கோ இன்னும் சுருக்கி, இந்த ஊர், இந்தத் தெரு, இந்த ஆறு வரை என்று எல்லை கட்டிக்கொள்வது அது. இரண்டாவது சாமாயிகம், குறித்த நேரம் மனத்தைச் சமநிலையில் நிறுத்துவது. மூன்றாவது போசத உபவாசம்; அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உணவையும் அலங்காரத்தையும் தொழிலையும் விட்டு, ஒரு பகலும் இரவும் துறவியைப்போல இருந்து பார்ப்பது. நான்காவதாகிய வையாவிருத்தியத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்நான்கிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: இவை துறவியின் விரதங்கள் அல்ல. மனைவி மக்களோடும் கடையோடும் கணக்கோடும் இருப்பவர், மறுநாள் அங்கேயே திரும்பப் போகிறோம் என்று தெரிந்தே ஏற்பவை. அவற்றின் உயிர் எல்லையில் இருக்கிறது. இடத்தில் எல்லை, பொருளில் எல்லை, காலத்தில் எல்லை.

அப்படியென்றால் ஓர் இரவு போதுமா என்ற ஆட்சேபம் எழும். வாழ்நாள் முழுக்கத் துறந்தவர்களைக் கண்ட மரபில், ஞாயிறு மதியம் வீட்டில் சாப்பாடு என்று முடிவுசெய்துவிட்டுச் சனிக்கிழமை காட்டில் படுப்பவரை யார் பொருட்படுத்துவார்கள்? மரபே பொருட்படுத்தியிருக்கிறது என்பதுதான் பதில். பௌத்த இல்லறத்தார் உபோசத நாளில் எட்டுச் சீலங்களை ஏற்பது ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்குமே. சிவராத்திரியில் கண்விழிப்பவர் விடிந்ததும் நீராடி வேலைக்குப் போகிறார். நீண்ட காலத் தனிமையை மட்டுமே மதிப்பவர்கள் அமெரிக்க எழுத்தாளர் தோரோவை எடுத்துக்காட்டுவார்கள். வால்டன் குளக்கரையில் அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆனால் அதே தோரோ 1846 ஜூலையில் வரி கட்ட மறுத்துச் சிறையில் இருந்தது ஒரே ஓர் இரவு. சட்ட மறுப்பைப் பற்றி அவர் எழுதியதும், பின்னாளில் காந்தி அதில் கண்ட துணையும் அந்த ஓர் இரவைச் சுற்றித்தான் கட்டப்பட்டவை. திரும்பும் நாள் குறித்திருப்பதைக் குறையாக நான் பார்க்கவில்லை. திரும்பப் போகிற வீட்டின் மேல்தான் இவ்விரதம் வேலை செய்கிறது. நாளை எந்த அலமாரியைத் திறக்கப் போகிறோமோ அந்த அலமாரியில் எதெல்லாம் மிகுதி என்று, இன்றிரவு அது இல்லாமல் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பொருளின் எல்லையை இப்பயணம் எப்படிக் கட்டுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காரில் முகாமுக்குப் போகிறவர் வீட்டில் பாதியைக் கொண்டுபோகலாம். முதுகில் பை சுமப்பவருக்கும் இன்னும் ஒரு கிலோ என்ற ஆசை மீதமிருக்கும். சைக்கிளும் படகும் சேர்ந்தால் அந்த ஆசைக்கு இடம் இல்லை. படகு, நான்கு துண்டாகக் கழலும் துடுப்பு, லைஃப் ஜாக்கெட், கூடாரம், தூங்கும் பை, மாற்றுத் துணி, பஞ்சர் ஒட்டும் பொருள், ஒரு வேளைக்கும் மறு காலைக்குமான உணவு ஆகியவற்றை ஏற்றியதும் சைக்கிளின் சட்டம் நிறைந்துவிடுகிறது. அதோடு முடிவதில்லை. நிலத்தில் படகு சுமை. சைக்கிள் அதைத் தூக்கிப் போகிறது. நீரில் சைக்கிள் சுமை. படகு அதைத் தூக்கிப் போகிறது. ஆகவே எடுத்து வைக்கும் ஒவ்வொரு பொருளும் இரண்டு முறை விசாரிக்கப்படுகிறது. மிதிக்கும்போது கனக்குமா என்பது ஒன்று, நனைந்தால் கெடுமா, கூர்முனையால் படகின் துணியைக் கிழிக்குமா என்பது மற்றொன்று. பெடலின் பல் காற்றுக்குழாயில் குத்தாமல் இருக்க அதைக் கழற்றியோ துணி சுற்றியோ வைக்க வேண்டும். உடைமைக்கு அளவு வகுக்கும் பரிமாண விரதத்தை எத்தனையோ பேர் வாயால் ஏற்றிருக்கலாம். இங்கே அது உடம்பின் கணக்காகிறது. எனக்கு வேண்டியது எவ்வளவு என்ற கேள்விக்கு, குறைந்தது ஒரு நாளுக்காவது, கிலோவில் ஒரு விடை கிடைத்துவிடுகிறது.

இட எல்லையைப் பற்றிச் சமண நூல்கள் சொல்லும் நுட்பம் இன்னும் வியப்பானது. தேசாவகாசிக விரதத்தை எப்படியெல்லாம் மீறலாம் என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து வழிகளை எண்ணுகிறது. எல்லைக்கு வெளியேயிருந்து பொருளை வரவழைத்தல், வெளியே ஆளை அனுப்புதல், குரல் கொடுத்து வெளியில் இருப்பவரோடு தொடர்புகொள்ளுதல், தன் உருவத்தை அவர்களுக்குக் காட்டுதல், கல்லோ வேறு பொருளோ வீசிக் குறிப்புணர்த்துதல். கால் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் மனம் தாண்டிவிட்டது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இந்த ஐந்தையும் ஒரே பொருளில் அடக்கி நாம் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். ஆற்றங்கரையில் கூடாரத்தின் முன் நின்று படம் எடுத்து உடனே ஊருக்கு அனுப்புகிறவர் உருவத்தைக் காட்டிவிட்டார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அரைமணிக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறவர் குரல் கொடுத்துவிட்டு மறுகுரலுக்குக் காத்திருக்கிறார். அவர் தனியாகத் தங்கியதாகச் சொன்னால் இந்த நூல் ஒப்புக்கொள்ளாது. நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்பயணம் நோன்பா, களியாட்டமா என்று பிரிக்கும் கோடு என் கணிப்பில் இங்கேதான் விழுகிறது. எத்தனை கிலோமீட்டர் மிதித்தார், எவ்வளவு குளிரில் படுத்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பார்ப்பவர் ஒருவரைக் கற்பனையில்கூட உடன் அழைத்து வராமல் ஓர் இரவு இருக்க முடிந்ததா என்பதே முதல் கேள்வி.

இதற்கு உடனே வரும் மறுப்பு நியாயமானது. தனியாக ஆற்றுக்குப் போகிறவர் போனை அணைத்து வைப்பது பொறுப்பா? வீட்டில் காத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்? இன்ன இடத்தில் தங்குகிறேன், இத்தனை மணிக்குக் கரையேறுவேன், அதற்குள் செய்தி வராவிட்டால் இன்னாரைக் கூப்பிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எல்லையை மீறுவதாகாது. அதுவே எல்லையை வகுக்கும் செயல். ஆபத்தில் உதவி கேட்பதும் மீறல் ஆகாது. விரதம் உயிரைக் காக்கிற அறத்துக்கு உட்பட்டது. போன் பையின் அடியில், நீர் புகாத உறைக்குள் இருக்கட்டும். எதற்காக அதை எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஆபத்து என்ற சொல் வந்துவிட்டதால் அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. வேக நீரோட்டங்களில் படகு விடுவோருக்காக அமெரிக்கன் வைட்வாட்டர் என்ற அமைப்பு வைத்திருக்கும் பாதுகாப்பு விதிகள் தனியே படகு விடுவதை ஊக்குவிப்பதில்லை. மூன்று பேராவது, அல்லது இரண்டு படகாவது வேண்டும் என்கின்றன. அனுபவத்தில் அடிபட்டு எழுதிய விதி அது. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்று பாறை இடுக்கில் கால் சிக்கினால், முழங்கால் அளவு நீரே ஓர் ஆளைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துவிடும். ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் தாழ்வான தடுப்பணைகள் இன்னும் கொடியவை. மேலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரு கோடுதான் தெரியும். விழுந்தவரை அடியில் சுழலும் நீர் திரும்பத் திரும்ப அணைப்பக்கமே இழுக்கும். கால்வாய்க்கு நீர் திருப்ப இதே ஆற்றில் கட்டிய நான்காம் அணை டெய்லர்ஸ் லேண்டிங்குக்கு மேலே இருக்கிறது. ஷெப்பர்ட்ஸ்டவுனுக்குக் கீழே போனால் சிதைந்த மூன்றாம் அணையும் அதற்கடுத்துப் பாறைகள் நிறைந்த வேக நீரும் வரும். நான் எடுத்துக்கொண்ட பயணி இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் மிதப்பது தற்செயல் அல்ல. தனியே போகிறவர் அதற்கொரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலை அவருடைய வீரம். நண்பர்களோடு இறங்கியிருக்கக்கூடிய ஓட்டத்தைத் தனியாக இருக்கும்போது விட்டுவிட வேண்டும். ஷெப்பர்ட்ஸ்டவுனில் ஆற்றின் மட்டத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அதன் அளவு கூடுதல் என்று காட்டினால் படகைச் சுருட்டியபடியே சைக்கிளில் திரும்ப வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. இவற்றை ஏற்க முடியாதவருக்கு, தம்மை நம்பி வீட்டில் பிள்ளைகள் இருக்க, தனியே ஆற்றில் இறங்கும் உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். எல்லைதான் விரதத்தின் உயிர் என்றால், அதை வீட்டிலேயே நோற்கலாமே! போசதம் நோற்பவர் கதவைச் சாத்தி ஒரு பாயில் உட்கார்ந்துவிடுகிறார். சக்கரம் புழுவை நசுக்கவில்லை, துடுப்பு மீனைத் துரத்தவில்லை. கொல்லாமையின் அளவுகோலில் அவர் மேலானவர் என்பதை நான் முழுமனதோடு ஒப்புகிறேன். இப்பயணத்தைப் போசதத்துக்கு மேலாக வைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் வீட்டுக்குள் நோற்கும் நோன்புக்கு அதற்கேயுரிய ஓர் ஆபத்து உண்டு. சமண ஆசிரியர்களும் அதை அறிந்திருந்தார்கள். அங்கே எல்லையை வகுப்பவனும் நான், காப்பவனும் நான், காத்துவிட்டேன் என்று மகிழ்பவனும் நான். அடக்கம் மெல்ல மெல்ல அடக்கத்தின் செருக்காகிவிடுகிறது. சம்யக் தரிசனம் என்ற நற்காட்சி உடையவர் விடவேண்டிய எட்டுச் செருக்குகளைச் சமந்தபத்திரர் எண்ணும்போது, அறிவு, குலம், வலிமை முதலியவற்றோடு தவத்தால் வரும் செருக்கையும் சேர்த்தே எண்ணுகிறார். ஆற்றுக்குப் போகிறவர் தான் வகுத்த எல்லையோடு, தான் வகுக்காத எல்லை ஒன்றையும் சந்திக்கிறார். ஒருவரின் உறுதியைப் பொருட்படுத்தாத, அவருக்காகக் கூடவோ குறையவோ செய்யாத ஒன்று எதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு எல்லைகளும் ஒரே நாளில் ஒருவர் மேல் வந்து பொருந்துவதே இப்பயணத்தின் பயன். பயனில்லாமல் நீரைக் கலக்காதே என்ற விதிக்கு நான் தரும் விடை இதுவே.

படகுக்குக் காற்றடைக்கும் முறையையே பாருங்கள். பம்பு கிடையாது. மெல்லிய துணிப்பை ஒன்று, அதன் அடியில் படகின் வால்வில் திருகும் சிறு மூக்கு. பையின் வாயை அகல விரித்துக் காற்றை அள்ளி, வாயைச் சட்டென்று முறுக்கி, மார்போடு அணைத்து அழுத்தினால் காற்று படகுக்குள் போகும். பத்துப் பதினைந்து முறை இப்படி அள்ளினால் படகு எழுந்து நிற்கும்; கடைசி இறுக்கத்துக்கு வாயால் ஊத வேண்டும். கரையில் விறைப்பாக, தட்டினால் ஒலிக்கும்படி இருக்கிற அந்தப் படகை நீரில் வைத்ததும் சில நிமிடங்களில் அது தளர்ந்துவிடுகிறது. ஓட்டை ஏதும் இல்லை. வெயில் பட்ட கரையில் அடைத்த காற்று குளிர்ந்த நீர் பட்டுச் சுருங்கிவிட்டது. பழகியவர்கள் படகை நீரில் கொஞ்ச நேரம் கிடத்திவைத்து, தளர்ந்தபின் மீண்டும் ஊதிவிட்டே ஏறுவார்கள். கரையில் நாம் முழுமை என்று தீர்மானித்ததை ஆறு ஒப்புக்கொள்வதில்லை. இதை ஒருவர் நூலில் படித்து அறியலாம். மூச்சிரைக்கக் குனிந்து இரண்டாம் முறை ஊதும்போது அறிவது வேறு வகை.

ஆற்றின் முன் சரணடைவதைத்தான் நான் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் படகையும் ஆற்றையும் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசினால் உடனே கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வரும். பெய்த மழையால் பெருகிவரும் பேராற்றில் நீரின் வழியே போகும் தெப்பம்போல உயிர் முறையின் வழியே போகிறது என்கிறது அப்பாட்டு. இதைக் காட்டி எல்லாம் விதிப்படி, நம் கையில் என்ன இருக்கிறது என்று கைவிரிப்பவர்கள் பலர். அவர்கள் ஆற்றில் இறங்கிப் பார்த்திருந்தால் இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். சும்மா விட்ட படகை நீரோட்டம் வளைவின் வெளிக்கரைக்கே தள்ளும். அரிக்கப்பட்ட அந்தக் கரையில்தான் மரங்கள் வேரோடு சாய்ந்து நீருக்குள் கிடக்கும். கிளைகளுக்கிடையே நீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. அதிலிருந்து தப்ப, எதிர்க்கரையை நேராகப் பார்த்து அடித்துத் துழாவினாலும் பயனில்லை. கரையை எட்டுவதற்குள் ஓட்டம் மரத்தடியில் சேர்த்துவிடும். மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் துடுப்புப் போட்டால், எதிரே வரும் அதே நீர் படகின் விலாவில் மோதி அதைக் குறுக்கே நகர்த்திக் கொடுக்கும். முயற்சி இல்லாவிட்டால் ஓட்டம் கொல்லும். ஓட்டத்தின் உதவி இல்லாவிட்டால் முயற்சி தோற்கும். தெய்வத்தின் அருளா, மனித முயற்சியா என்று நம் சமயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதை ஓர் ஆறு தீர்த்துவைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை அது அசைத்துவிடும். கணியனாரின் பாட்டும் துடுப்பைக் கீழே போடு என்று முடியவில்லை; பெரியோரை வியக்காமலும் சிறியோரை இகழாமலும் இருக்கும் பார்வையில் முடிகிறது. அது செயலற்றிருப்பவரின் பார்வை அல்ல, மனிதர்களை நேராக எடைபோடத் தெரிந்தவரின் பார்வை.

வசதியுள்ளவர்களின் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர் என்ற கேள்வியும் இருக்கிறது. நல்ல பேக்ராஃப்ட் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல்கூடப் போகும். இதே கரையில், ஷெப்பர்ட்ஸ்டவுனுக்குச் சற்று மேலே, கில்லியன்ஸ்பர்க் குகை என்று ஒரு குகை உண்டு. 1862 செப்டம்பர் 17 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் சண்டையில் ஒரே நாளில் ஏறக்குறைய 23,000 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அந்நாட்களில் ஷார்ப்ஸ்பர்க் ஊர்மக்கள் பீரங்கிக் குண்டுக்குத் தப்பி ஒளிந்த இடம் அந்தக் குகை. அவர்களும் ஆற்றங்கரையில்தான் இரவைக் கழித்தார்கள்; ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. இன்றும் வீடில்லாமல் பாலத்தடியில் துணிக்கூடாரத்தில் படுப்பவர் இருக்கும் நாட்டில், வீடுள்ளவர் காசு கொடுத்துக் கூடாரம் வாங்கிப் படுப்பதை நோன்பு என்பது உறுத்தாதா? உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். உண்ணாநோன்பு என்பதே உண்ண இருப்பவருக்குத்தான் உண்டு. பசித்திருப்பவருக்கு எந்த மரபும் உபவாசம் விதிக்கவில்லை. ஆகையால் விரதம் வசதியுள்ளவருக்கு மட்டுமே உரியது என்ற குற்றச்சாட்டை மறுக்க வேண்டியதில்லை. அவருக்குத்தான் அது கடமை. தனியே போகும் துணிச்சலும் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. இருட்டில் மிதிவண்டிச் சத்தம் ஒன்று நெருங்கும்போது, ஓர் ஆணின் கூடாரத்துக்குள் எழும் எண்ணமும் ஒரு பெண்ணின் கூடாரத்துக்குள் எழும் எண்ணமும் ஒன்றல்ல. தனிமை சிலருக்கு மட்டும் அச்சமில்லாமல் வாய்க்கிறது என்றால், தனிமை கெட்டது என்று அதற்குப் பொருளில்லை. அது இன்னும் எல்லாருக்கும் பங்கிடப்படவில்லை என்றுதான் பொருள்.

பங்கிட முடியும் என்பதற்குப் பொட்டோமாக் கரையே சான்று. 1828-இல் தொடங்கி 1850-இல் கம்பர்லாந்தை எட்டிய அந்தக் கால்வாயை, அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள் உட்படப் பலர் காலராவுக்குப் பலியாகிக்கொண்டே வெட்டினார்கள். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது; 1938-இல் அரசு அதை வாங்கியது. பின்னர் அந்தத் தடத்தில் கார்களுக்குச் சாலை போடலாம் என்ற திட்டம் வந்தபோது, வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதி ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அந்த ஆசிரியர்களையே தம்மோடு நடந்து பார்க்க அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை எட்டு நாள் நடந்தார்கள். பலர் வழியில் கழன்றுகொள்ள, அவரோடு சேர்த்து ஒன்பது பேர் முழுத் தூரமும் நடந்து முடித்தனர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-இல் அந்தப் பாதை முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இன்று சைக்கிளில் வருபவர் சில மைலுக்கொன்றாக அங்கே உள்ள முகாமிடங்களில் இலவசமாகத் தங்கலாம். மேசை, தீ வளையம், கழிப்பறை, பெரும்பாலானவற்றில் கைப்பம்பு. ஓர் இடத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. முன்பதிவில்லை, கட்டணமில்லை. ஒருவர் அங்கே தனியாக இருக்க முடிவதற்குப் பின்னால் வெட்டியவர்கள், நடந்தவர்கள், வரி கட்டுகிறவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. தனிமை தன்னலம் என்று சொல்பவர்கள் இந்தக் கைப்பம்பை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர் கூடிக் காத்தால்தான் ஒருவர் தனியே இருக்க முடியும்.

இங்கேதான் நான்காம் விரதம் வருகிறது. சமந்தபத்திரர் எண்ணும் வரிசையில் எல்லை கட்டுதல், சமநிலை, ஒரு நாள் துறவு ஆகிய மூன்றுக்கும் அடுத்து வையாவிருத்தியம் நிற்கிறது. தவத்தோருக்கு உணவும் பிறவும் தந்து பணிசெய்வது அது. தனக்குள் அடங்கிய மூன்று நோன்புகளை அடுத்துப் பிறருக்குக் கைநீட்டும் நோன்பை வைத்த அந்த வரிசைக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். முதல் மூன்றோடு நின்றுவிட்டால் ஆற்றுப் பயணம் ஒருவரின் மனநலத்துக்கான மருந்தாக மட்டுமே சுருங்கிவிடும். டக்ளஸின் நடைப்பயணத்திலிருந்து வளர்ந்த செசபீக் - ஒஹையோ கால்வாய்ச் சங்கத்தில், கரைப்பாதையின் ஒரு பகுதியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் நடந்து பார்க்கும் தன்னார்வலர்கள் உண்டு. மரம் விழுந்திருக்கிறதா, கரை அரித்திருக்கிறதா என்று பார்த்து எழுதி அனுப்புகிறார்கள். போகிற வழியில் குப்பையையும் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். கைப்பம்பு உடைந்திருப்பதாக ஒருவர் எழுதும் ஒற்றை வரி, தெரியாத யாரோ ஒருவரின் தனி இரவுக்கு அவர் வார்க்கும் நீர். சனிக்கிழமை மாலை அந்தப் பாதையில் மிதித்துப் போனவர் அடுத்த மாதம் அதே பாதையில் ஒரு கோணிப்பையோடு நடந்தால், அவர் போன பயணம் பயனற்ற திரிதலா என்று அருங்கலச்செப்பை வைத்து யாரும் கேட்க முடியாது.